மெதுவாக இருந்தது உங்கள் கை அல்ல, மாமா

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை தலைகுனிந்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களைச் சின்ன மகன் வீட்டுக்குக் கிளம்ப வைத்தவனே நான்தானே.

போன மாதம் நான் எழுதிய குமிழி உடைக்கும் கணினி விளையாட்டை முதலில் உங்களிடம்தான் காட்டினேன். குமிழி தெரிந்ததும் மௌஸை நகர்த்தி அமுக்க வேண்டும். எத்தனை நேரத்தில் அமுக்கினீர்கள் என்று அது சொல்லும். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஒரு கோழியைக்கூட இடிக்காத உங்களுக்கு அது ஒன்றரை வினாடி காட்டியது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "மாமா, உங்க கை ரொம்ப ஸ்லோ. இனிமே கார் ஓட்டாதீங்க" என்றேன். உங்கள் மகள் சாவியை எடுத்து ஒளித்துவைத்தாள். நீங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். மறுநாள் பையோடு கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு நான் ஆடிப் பார்த்தேன். எனக்கு இரண்டு வினாடி! எனக்கு வயது முப்பத்தாறு. மௌஸை மாற்றினேன், புதியது இன்னும் மோசம். மேசைவிரிப்பை உருவினேன், கணினியையே மாற்றினேன். அப்போதாவது என்மேல் எனக்குச் சந்தேகம் வந்ததா? இல்லை. எந்தக் கணினியிலும் விளையாட்டு ஓடுவதற்காக ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுக்கும் 'லைப்ரரி' என்ற நிரல் தொகுப்பைத்தான் பயன்படுத்துகிறேன். அந்த மனிதருக்கு, "உங்க லைப்ரரியால என் மாமனார் வீட்டை விட்டே போயிட்டாரு, ஒரு மௌஸ் அசைவை நேரத்துக்குக் கொடுக்கத் தெரியாதா?" என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். அதுவும் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொதுப் பக்கத்தில்.

அவர் பொறுமையாக என் நிரலை அனுப்பச் சொன்னார். மூன்றே வரியில் பதில் வந்தது. மௌஸின் ஒவ்வொரு அசைவும் ஒரு செய்தியாக வரிசையில் வந்து நிற்குமாம். வேகமான மௌஸ் என்றால் வரிசை இன்னும் நீளம். திரையை வரையும் ஒவ்வொரு முறையும் வரிசை காலியாகும்வரை எடுக்க வேண்டும். நான் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தத்தில் ஐம்பது பேர் நிற்க, ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறேன், மாமா. நீங்கள் அமுக்கியது ஐம்பதாவது ஆளாக நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது வரி, "மாமனார்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சா?" அதற்குக் கீழே முன்பின் தெரியாத நாற்பது பேர் அதையே கேட்டிருக்கிறார்கள்.

ஒரு வரியைத் திருத்தினேன், சரியாகிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது, யாரிடமும் மறைக்க எனக்கு மனமில்லை. வந்துவிடுங்கள் மாமா. நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்சீட்டில் வாயைத் திறக்காமல் வருகிறேன்.

உங்கள் ஆசியைக் கேட்கும் தகுதியை இழந்த,
மாப்பிள்ளை

பி.கு.: படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். லைப்ரரியில்தான் கோளாறு, அந்த ஆளே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று உங்கள் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பா, தபாலில் போடச் சொல்லி உங்கள் மாப்பிள்ளை இதை என்னிடம்தான் கொடுத்தார். படித்துவிட்டேன். எனக்கும் உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிவருகிறேன். இவர் வாசலில் நின்றுகொண்டு, "கவரை ஒட்டிட்டியா, ஒட்டிட்டியா" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார்.