ஏரிக்கரை வீடும் என் பிடிவாதமும்

போன சித்திரையில் நான் ஒரு முடிவெடுத்தேன். இனி கொச்சியில், இந்த மட்டாஞ்சேரியில் குடியிருப்பதில்லை. மூணாறுக்கு மேலே ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அதன் கரையில் வீடு வாங்குவது.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு இது. அதனால் விடுவதாக இல்லை.

காரணம் சத்தம். எங்கள் வீடு பஜாரில், மாடியில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே கீழே இஞ்சி மூட்டை இறக்குவார்கள். எட்டு மணிக்கு லாரியும் ஆட்டோவும் வழிக்காகச் சண்டை போடும். பத்து மணிக்கு சுற்றுலா வந்தவர்கள் கொடியில் காயும் என் வேட்டியைப் படமெடுப்பார்கள். வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் இரைச்சலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குக் கொஞ்சம் அமைதி வேண்டாமா?

என் மனைவி கற்பகம் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மலையில் அட்டை கடிக்கும் என்றாள். உப்பு வாங்கலாம் என்றேன். பனி என்றாள். கம்பளி என்றேன். பிரஷர் மாத்திரைக்கு எங்கே போவது என்றாள். மூட்டையாகக் கொண்டுபோகலாம் என்றேன்.

"ஏரி ஏரின்னு என் தலைமேல ஏறாதேங்கோ" என்றாள் கடைசியில்.

ஆனால் அன்றைக்கே, எனக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொன்ன தரகரின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆள் ஏமாற்றுக்காரனா என்று விசாரிக்க வேண்டுமாம். பாதி வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு மாதமாகியும் அவளிடமிருந்து பதில் இல்லை. திருச்சூரில் பழைய சகாவின் பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, வைட்டிலாவில் மூணாறு பஸ் ஏறினேன்.

தரகர் செல்லதுரை என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலில் வீடு, அப்புறம் பேச்சு என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஏரியில் ஒரு சலனமில்லை. பட்ட மரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. இரண்டே ரூம் வீடு. வாசலிலிருந்து பத்தடி நடந்தால் தண்ணீர்.

"பத்திரம் எழுதிடலாம்" என்றேன்.

செல்லதுரை தலையைச் சொறிந்தார். "போன வாரமே முடிஞ்சுபோச்சு சார். கொச்சி டீச்சரம்மா ஒருத்தங்க. ரொம்பக் கறாரு."

மலைக்காற்றில் எனக்கு வேர்த்தது. போன வாரம்தான் கற்பகம், தங்கை காமாக்ஷியைப் பார்க்கப் பாலக்காடு போவதாகச் சொல்லிப் போயிருந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனசு உருகியது. எனக்குத் தெரியாமல், எனக்காக வாங்கியிருக்கிறாள். இவளிடமா கல்யாணம் என்று பொய் சொன்னேன்? வீட்டுக்குள் நுழைந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சமும் அதிரவில்லை. வீடு பிடித்ததா என்று மட்டும் கேட்டாள்.

"எனக்காகவா வாங்கினே கற்பகம்?" என்றேன்.

"நீங்க சொன்னது வாஸ்தவம்தான். இந்த வயசுல சத்தமில்லாத இடம் வேணும். ஒரு ரூம் எனக்கு, இன்னொண்ணு காமாக்ஷிக்கு. அடுத்த மாசம் போறோம்."

"அப்போ நான்?"

காலண்டரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்கோ. ஆனா பேசப்படாது."