கறுப்புக் கார் கழுவிய எச்சநீர்

அந்த நகரத்தின் குடிநீர் வாரியம் நாற்பது ஆண்டுச் சேவையில் முதல் முறையாக ஒரு காரியத்தைச் சொன்ன தேதியில் முடித்தது. தலைமைப் பொறியாளருக்குப் புதுக் கார் வந்துவிட்டது. நல்ல கறுப்பு. பக்கத்தில் போய் நின்றால் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருக்கிறது என்று காரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அன்று காலை அலுவலகத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் தலை வாரிக்கொண்டார்கள்.

டிரைவருக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் வாரியத்தின் பழைய ஜீப்பை ஓட்டியவர் அவர். அந்த ஜீப் என்ன நிறம் என்பதில் அலுவலகத்திலேயே இரண்டு கருத்து உண்டு. அதை அவர் கழுவியதும் இல்லை, ஏன் கழுவவில்லை என்று யாரும் கேட்டதும் இல்லை. இந்தக் காருக்கோ வந்த மறுநாளே ஆலோசகர் ஒருவர் வந்து இறங்கினார்.

கையுறை, சின்ன டார்ச், பூதக்கண்ணாடி சகிதம் ஆலோசகர் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். பானெட்டின் மேல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிழைப்பது கஷ்டம் என்று சொல்ல வந்த டாக்டரைப் போல உதட்டைப் பிதுக்கினார்.

"துணியால துடைச்சீங்களா?"

"ஆமா சார், தூசியா இருந்துச்சு" என்றார் டிரைவர்.

"போச்சு. தூசின்னா என்ன? பொடிக்கல்லு. கல்லை வச்சுத் தேய்ச்சா கீறாம கொஞ்சுமா? இங்க பாருங்க, சிலந்தி வலை மாதிரி எத்தனை கீறல்!"

டிரைவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தலைமைப் பொறியாளரும் குனிந்து பார்த்தார். அவர் அதிகாரி என்பதால் அவருக்குத் தெரிந்தது.

"கறுப்புங்கிறது சும்மா நிறமில்ல சார், பொறுப்பு" என்றார் ஆலோசகர். தலைமைப் பொறியாளர் அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. எழுதியவர் தலைமை எழுத்தர். காகிதம் எழுதுவதிலும் பிறர் எழுதிய காகிதத்தின் மேல் உட்காருவதிலும் அவரை மிஞ்ச வாரியத்தில் ஆள் கிடையாது.

'மேற்படி வாகனத்தின் மேற்பூச்சில் தூசி படியுமாயின், படிந்த ஒரு மணி நேரத்திற்குள், படிந்த இடத்திலேயே, வாகனத்தை நகர்த்தாமல், தாராளமாக நீர் ஊற்றித் தூசியை இறக்கிய பின்னரே சோப்பு நுரை தடவப்படல் வேண்டும். உப்பு நீர் வெண்புள்ளி விடும் ஆதலால் சுத்திகரிக்கப்பட்ட முதல்தரக் குடிநீரே பயன்படுத்தப்படல் வேண்டும். இதன்பொருட்டுத் தண்ணீர் லாரி ஒன்று வாகனத்தைப் பின்தொடரும். மூடி திறந்த லாரியில் மிஞ்சும் நீர் தரம் குறைந்ததாகக் கருதப்பட்டு, வாகனக் கழுவல் எச்சநீர் என்ற வகையில், அதே இடத்தில் அகற்றப்படல் வேண்டும்.'

டிரைவர் இதை வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கோடியில் இருந்த அந்தத் தெருவில் குழாய் கிடையாது. மூன்று தெரு தள்ளி இருக்கும் அடிபம்பிலிருந்து தினமும் எட்டுக் குடம். குழாய் கேட்டு மனுக் கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

"முதல்தரக் குடிநீரா? காருக்கா?"

"ஆமா."

"அப்ப நாம என்ன தரம்?"

டிரைவர் சுற்றறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். அதைப்பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்தாங்க பாப்பேன்" என்றாள் அவள். "அப்புறம் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க குடத்தோட குடும்பம் நடத்துங்க." இதை அவள் இதற்கு முன்பும் பலமுறை கத்தியிருக்கிறாள். இந்த முறை கத்தவில்லை. அதனால்தான் டிரைவர் அதை நம்பினார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சிறிது நேரம் கழித்து அவளே கேட்டாள். "அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிங்க. எந்த இடத்துல அகற்றணும்?"

"தூசி படிஞ்ச இடத்துல."

"நம்ம தெருவுல தூசிக்கா பஞ்சம்?"

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாரியத்தில் இவளல்லவா தலைமைப் பொறியாளராக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பிரதான சாலையில் நெரிசல் என்று சொல்லிக் குறுக்கு வழியில் காரைத் திருப்பினார். தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டாம் கியரில் வைத்து ஒரு மிதி மிதித்தார். புழுதி எழும்பி, காரைவிட இரண்டு பங்கு உயரத்துக்குப் போய், சாவகாசமாக இறங்கி உட்கார்ந்தது.

"ஐயோ! நிறுத்துப்பா! நகராதே!" என்று அலறினார் தலைமைப் பொறியாளர்.

பின்னாலேயே லாரி வந்தது. ஆறாயிரம் லிட்டர். கார் குளித்தது இருநூறு. லாரிக்காரர் எச்சநீரை அகற்றுவதற்காகக் குழாயைத் திறந்ததும், தெருவே குடமும் வாளியுமாக ஓடி வந்து அவருக்கு அகற்ற உதவியது. டிரைவரின் மனைவி பதினாறு குடம் அகற்றினாள். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கென்று கட்டி அலமாரிக்கு மேலே வைத்திருந்த பெட்டியை இறக்கி, மடித்து வைத்த புடவைகளைத் திரும்பக் கொடியில் போட்டாள். டிரைவர் இரண்டு சொம்புத் தண்ணீரை அதிகமாக ஊற்றிக் குளித்தார்.

அந்தத் தெருவில் தையல்காரர் ஒருவர் இருந்தார். பதினோரு வருடமாக மனு எழுதுகிறவர் அவர்தான். நாற்பத்து மூன்று மனு. விஷயம் தெரிந்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுவந்தார். "சும்மா கிடக்கிற மண்ணு பத்தாது. சலிச்சாத்தான் நல்லா ஒட்டும்" என்றார். அன்றிலிருந்து கார் வரும் நாளெல்லாம் காலையில் தெருவுக்குச் சலித்த மண் தூவப்பட்டது.

இந்த மாதிரி விஷயம் ஒரு தெருவோடு நிற்குமா? ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொரு தெருவும் தலைமைப் பொறியாளரை நேரில் வந்து பார்வையிடும்படி அழைத்தது. பாராட்டுக் கூட்டம், நன்றிக் கூட்டம், காரணம் கேட்கக் கூடாத கூட்டம். நாற்பது வருடமாக வாரியத்துக்காரர் யாரைக் கண்டாலும் கல்லைத் தேடியவர்கள் காரைக் கண்டதும் கைதட்டினார்கள்.

"ஜனங்க என்மேல உயிரையே வச்சிருக்காங்க டிரைவர்" என்றார் தலைமைப் பொறியாளர், கண் கலங்க.

"ஆமா சார். குடத்தோடயே வந்து நிக்கிறாங்க" என்றார் டிரைவர்.

ஒரு தெருவில் மரத்தடியில் காரை நிறுத்தியபோது புறா ஒன்று தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. பறவை எச்சத்தில் அமிலம் உண்டு, அரை மணி நேரத்தில் பூச்சை அரித்துவிடும் என்று ஆலோசகர் போனில் பதறினார். அமில நிகழ்வுக்கு இரண்டு லாரி என்று துணைச் சுற்றறிக்கை வந்தது. அடுத்த வாரம் எந்த மரத்தடியைப் பார்த்தாலும் தானியம் இறைந்து கிடந்தது. தமக்குத் தின்ன இருந்ததோ இல்லையோ, புறாவுக்கு யாரும் குறை வைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஆலோசகர் மறுபடி வந்தார். டார்ச் அடித்தார். இந்த முறை டிரைவருக்கே கீறல் தெரிந்தது.

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கழுவினா மனுஷன் தோலே உரிஞ்சிடும் சார். பெயிண்ட் தாங்குமா?"

உடனே ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. கீறலுக்குக் காரணம் கழுவல், கழுவலுக்குக் காரணம் தூசி, தூசிக்குக் காரணம் தெருக்களில் ஈரமின்மை, ஈரமின்மைக்குக் காரணம் குழாயின்மை என்று குழு கண்டுபிடித்தது. 'எனவே வாகனத்தின் மேற்பூச்சைப் பாதுகாக்கும் பொருட்டு, முதற்கட்டமாக ஊர்க்கோடித் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்கலாம். தெருவாசிகள் சம்மதப் படிவத்தில் கையொப்பமிடுதல் வேண்டும். குழாய் பெறும் தெருவுக்கு மேற்படி வாகனம் வராது.'

நாற்பத்து மூன்று மனுவால் ஆகாததைக் காரின் நாலு கீறல் சாதித்துவிட்டது. டிரைவர் படிவத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார். தையல்காரர் கடையில் கூட்டம் கூடியது.

"போடுங்க கையெழுத்தை! நம்ம கஷ்டம் விடிஞ்சுது!" என்றார் டிரைவர்.

யாரும் பேனாவைத் தொடவில்லை.

"அடுத்த தெருவுல குழாய் போட்டு ஆறு வருஷம் ஆகுது" என்றாள் அவர் மனைவி. "திறந்தா என்ன வருது?"

"காத்து" என்றது கூட்டம்.

"அந்தத் தெரு ஆளுங்களும் நம்மகூடத்தானே அடிபம்புல நின்னாங்க? குழாய்ல தண்ணி விடலைன்னா வாரியத்துக்கு என்ன நஷ்டம்? கார்ல அழுக்கு இருந்தாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வராது. ரெண்டு மாசத்துல காருக்கு ஒரு நாளாவது தண்ணி நின்னுச்சா?"

டிரைவர் படிவத்தை மடித்தார். வாரியத்தை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். அவள் சொல்வது சரி என்று தெரிந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடாதே தங்கச்சி?" என்று இழுத்தார் தையல்காரர்.

"அண்ணே, இந்தப் புருஷன் பதினோரு வருஷமா வீட்டுப் பக்கமே வரலையே!"

கூட்டம் சிரித்தது. 'எங்களுக்குக் குழாய் வேண்டாம், காரே போதும்' என்று தையல்காரர் தமது நாற்பத்து நாலாவது மனுவை எழுதினார். முதல் கையெழுத்து அவள் போட்டாள். மூன்றாவது கையெழுத்து டிரைவருடையது. செய்தி பரவி, மற்ற தெருக்களும் அதையே எழுதி அனுப்பின.

வாரியம் நெகிழ்ந்துபோனது. மனுக்கள் வந்த நாலாம் நாளே ஆணை பிறந்தது. 'பொதுமக்களின் ஏகோபித்த விருப்பத்திற்கு மதிப்பளித்துக் குழாய்த் திட்டம் நிரந்தரமாகக் கைவிடப்படுகிறது. அந்நிதியில் பன்னிரண்டு புதிய கார்கள் வாங்கப்படும்.' பன்னிரண்டு கார், பன்னிரண்டு லாரி என்று கணக்குப் போட்டுத் தெரு கூத்தாடியது. டிரைவரின் மனைவி இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வாசலில் வைத்தாள்.

கார்கள் வந்த அன்று காலை டிரைவர் ஷெட்டுக்குப் போனார். கறுப்புக் காரைக் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வெளியே பன்னிரண்டு கார் வரிசையாக நின்றன. அத்தனையும் மண் நிறம்.

"ஆலோசகர் தேர்ந்தெடுத்த கலர்" என்றார் தலைமை எழுத்தர், சாவியை நீட்டி. "மாசம் ஒரு தடவை கழுவினாப் போதும். லாரி எல்லாம் ரத்து."

டிரைவர் சாவியை வாங்கி முதல் காரின் கதவைத் திறந்தார். பிறகு தலைமைப் பொறியாளர் வந்து ஏறினார். "முதல்ல உங்க தெருவுக்கே போப்பா. அவங்கதானே முதல்ல எழுதிக் கேட்டாங்க" என்றார்.

தெரு முழுக்கத் தயாராக நின்றது. விசேஷ நாள் என்பதால் இரண்டு மடங்கு மண் தூவியிருந்தார்கள். அதுவும் போதாதென்று டிரைவரின் மனைவி சல்லடையோடு முன்னால் நின்று, கார் பக்கத்தில் வந்ததும் கூரைமேலேயே சலித்தாள். தையல்காரர் ஒரு முறம் மண்ணைப் பானெட்டில் கொட்டினார். டிரைவர் பாதையை மட்டும் பார்த்து ஓட்டினார். அவள் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் இல்லை.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி, கதவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"அருமையான கலர் டிரைவர். எவ்வளவு மண்ணு விழுந்தும் ஒண்ணுமே தெரியல பாரு. நிறுத்த வேண்டாம், போ."

அவர் தெருவைப் பார்த்துக் கையசைத்தார். பதிலுக்கு யாரும் கையசைக்கவில்லை. காருக்குப் பின்னால் லாரி வரும் என்று எல்லாரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.