எட்மண்ட் வீட்டில் மைக்ரோவேவ் பாதுகாப்பு வாரம்

நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதனிடம் எவ்வளவோ திறமை இருந்திருக்கலாம். ஆனால் அவனிடம் ஒரு கமிட்டி இல்லை. அதனால்தான் அவன் காலத்தில் அத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மனித குலத்தின் அந்தப் பெருங்குறையை நிவர்த்தி செய்த பெருமை, செகந்திராபாத் லாலாகுடாவில் வசிக்கும் என் அத்தான் எட்மண்ட் அவர்களையே சேரும். இதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயார். மேடைதான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

அத்தான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ரயில்வேயிலிருந்துதான், பாதுகாப்பிலிருந்து அல்ல. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்காதவர்களை இன்றைக்கும் திரும்ப இறங்கச் சொல்லி, முறைப்படி ஏற வைக்கிறார். நான் அவர் மனைவி ஞானசௌந்தரியின் தம்பி, ஃபிரெடி. கல்யாணம் ஆகாதவன். மாடி அறையில் படுத்து, மதியம் கீழே இறங்கி வந்து சாப்பிடுவதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காத ஒருவனின் சாட்சியமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் அத்தானின் மருமகள் பிளெசியிடமிருந்து தொடங்கியது. ரசாயனம் படித்த பெண். கல்யாணத்துக்குப் பிறகு ‘கொஞ்ச நாள்’ வீட்டில் இருக்கச் சொன்னார்கள், இருந்தாள். கொஞ்ச நாள் என்பது எங்கள் குடும்பத்தில் சற்று நீளமான அளவு. கடைசியில் நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு தரம் காரணமில்லாமல் நடந்தாள்.

முற்போக்கான குடும்பம் என்பதால் யாரும் மறுக்கவில்லை. தாராளமாகப் போகலாம் என்றார்கள். மதியச் சாப்பாடு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார்கள். அக்கா, மகள் ஸ்டெஃபியின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தாள். வீட்டில் மிச்சம் இருந்தது அத்தான், அவர் மகனும் பிளெசியின் கணவனுமான கலேப், நான். மூன்று பேருக்கும் கைகால் நன்றாக இருந்தது. ஆனாலும் கேள்வி நியாயமானதாகவே எல்லோருக்கும் பட்டது.

பிளெசி யோசித்து வைத்திருந்தாள். விடியற்காலையிலேயே சமைத்துப் பெட்டிகளில் போட்டு வைத்துவிடுவாள். ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வாங்கிவிட்டால் மதியம் அவரவர் சூடாக்கிச் சாப்பிடலாம். வாரத்துக்குள் பெட்டி வந்து இறங்கியது. எங்கள் சபைப் போதகர் வந்து ஜெபம் செய்து அதைப் பிரதிஷ்டை பண்ணினார். அக்கா பின்னிவைத்திருந்த குரோஷா துணியைப் போர்த்தினோம். புதுப்பெண் மாதிரி அது தலை மூடி உட்கார்ந்திருந்தது.

போதகரின் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அத்தான் கமிட்டியை அறிவித்துவிட்டார். ‘இல்ல மைக்ரோவேவ் பாதுகாப்பு மற்றும் பராமரிப்புக் கமிட்டி’. தலைவர் அத்தான். செயலாளர் கலேப், அமெரிக்காவில் எங்கோ படுத்துக்கிடக்கும் கம்ப்யூட்டர்களை இங்கே வீட்டுக் கட்டிலில் இருந்தபடி தட்டி எழுப்புகிற வேலை அவனுக்கு. நான் ‘பார்வையாளர்’. பிளெசி ‘சிறப்பு அழைப்பாளர்’. கூட்டத்துக்கு டீ வர வேண்டுமே. அவள் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வாரம் முழுவதும் ‘பாதுகாப்பு வாரம்’ என்று அனுசரிக்கப்பட்டது.

அந்த வாரத்தின் சாதனைகள் மகத்தானவை. முதலில், இயந்திரம் மூச்சுவிட வேண்டும் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் காற்றுத் துவாரங்களை அடைக்கக் கூடாது. சுற்றிலும் இடம் விட வேண்டும். அத்தான் டேப் பிடித்து அளந்தார். அந்த அளவுக்கு இடம் விட்டதில் மிக்ஸி தரைக்கு இறங்கியது, மசாலா டப்பாக்கள் கட்டிலுக்கடியில் போயின, பிளெசி காய்கறி நறுக்கும் இடம் காணாமலே போயிற்று. அவள் சாப்பாட்டு மேசையில் வைத்து நறுக்கினாள்.

அடுத்த கூட்டத்தில் உலோகம் பற்றி விவாதம். உள்ளே உலோகம் போகக் கூடாது, பொறி பறக்கும் என்று அத்தான் உருக்கமாகப் பேசினார். எவர்சில்வர் பாத்திரம், கரண்டி, சாப்பாடு சுற்றி வரும் வெள்ளித்தாள், எதுவும் ஆகாது. கமிட்டி இதை மிகவும் மனதில் வாங்கிக்கொண்டது. மறுநாளிலிருந்து அடுப்பை நெருங்கும் முன் அத்தான் கைக்கடிகாரத்தையும் பெல்ட்டையும் கழற்றி வைத்தார். கலேப் கல்யாண மோதிரத்தைக் கழற்றினான். நான் கழற்ற ஒன்றுமில்லாததால் செருப்பை வெளியே விட்டேன். ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி அத்தான் அந்த இயந்திரத்தின் முன் நின்ற காட்சியை நான் மறக்க மாட்டேன்.

முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும், இறுக மூடிய டப்பா வீங்கித் தெறிக்கும், காலியாக ஓட விட்டால் இயந்திரம் கெடும், தண்ணீர் கொதித்தது வெளியே தெரியாமல் இருந்து திடீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு விதியையும் படித்துப் படித்து கமிட்டிக்கு வியர்த்தது. பிளெசி தினமும் சாயங்காலம் செய்து காட்டினாள். பீங்கான் தட்டில் சோற்றைப் பரப்பினாள், லேசாக மூடினாள், பொத்தானை அழுத்தினாள், பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வைத்தாள். நாங்கள் கைதட்டினோம். யாராவது ஒருவர் செய்து பாருங்கள் என்று அவள் கேட்டால், கமிட்டி மறு தேதிக்கு ஒத்திவைக்கப்படும்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கையேட்டை அத்தான் முன்னால் விரித்து விரல் வைத்துக் காட்டினாள்.

“மாமா, எட்டு வயசு தாண்டின பிள்ளைங்க, பெரியவங்க சொல்லிக்குடுத்தா, இதை உபயோகிக்கலாம்னு போட்டிருக்கு.”

அத்தான் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். அது உலோகக் கண்ணாடி என்பது நினைவுக்கு வந்து கழற்றினார்.

“நாங்க எட்டு வயசத் தாண்டி ரொம்ப வருஷம் ஆச்சேம்மா. எங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் பெரியவங்க யாரு இருக்கா?”

ஆமாம், ரிஸ்க் வேண்டாம் என்று கலேப் இதை ஊர் உருதுவில் வழிமொழிந்தான். “ஹவ் டாடி, கரெக்ட். ரிஸ்க் நக்கோ.”

திங்கட்கிழமை பிளெசி வேலைக்குப் போனாள். சமைத்து, பெட்டிகளில் போட்டு, ஒவ்வொரு பெட்டியையும் காட்டிச் சொல்லிவிட்டு, நாச்சாரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அன்று மதியம் கமிட்டி கூடி, தொடக்க நாளிலேயே அவசரப்படுவது உசிதமல்ல என்று முடிவெடுத்து, பிரியாணி வரவழைத்தது. செவ்வாய்க்கிழமையும் அவ்வாறே. அத்தானுக்குச் சர்க்கரை வியாதி. பிரியாணியில் சர்க்கரை ஏறித் தலை சுற்றியது. புதன்கிழமை, துணிந்து இயந்திரத்தை இயக்குவது என்று தீர்மானம் நிறைவேறியது.

முதல் முறை என்பதால் அத்தானுக்குச் சாதாரணத் தட்டு மனதுக்கு ஒப்பவில்லை. கண்ணாடி அலமாரியில் ஒரு பீங்கான் தட்டு இருந்தது. அவர்கள் கல்யாணத்துக்குச் சபையார் பரிசாகத் தந்தது. ஓரமெல்லாம் தங்கக் கோடு, நடுவில் தங்க எழுத்தில் ஒரு வேத வசனம். கிறிஸ்துமஸுக்குக் கூட அதில் கேக் வைக்க அக்கா விடமாட்டாள். அத்தான் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

“வசனம் எழுதின தட்டு. இதுக்கு என்ன ஆபத்து வந்துரும்?” என்றார்.

கடிகாரம் கழற்றியாயிற்று. பெல்ட் கழற்றியாயிற்று. மோதிரம் கழற்றியாயிற்று. உடம்பில் ஒரு குண்டூசி அளவு உலோகம் இல்லாமல், பூரண பாதுகாப்போடு, தங்கம் பூசிய தட்டை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினோம்.

வசனம் பற்றிக்கொண்டு எரிவதை நான் அன்றுதான் பார்த்தேன். எழுத்து எழுத்தாகப் பொறி பறந்தது, படபடவென்று சத்தம். ஸ்டாப் என்று ஒரு பொத்தான் கண்ணெதிரே இருந்தது. ஆனால் ஒர்க்‌ஷாப் விதிப்படி, ஆபத்து என்றால் முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும். “எல்லாரும் வெளிய” என்று அத்தான் குரல் கொடுத்தார். மூவரும் ஒழுங்காக வரிசையில் வெளியேறி, தெருவில் கேட்டுக்கு முன்னால் நின்று, தலைகளை எண்ணிச் சரிபார்த்தோம். உயிர்ச்சேதம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. கலேப் மனைவிக்குப் போன் செய்தான். ஸ்விட்சை அணைக்கச் சொன்னாளாம். எந்த ஸ்விட்ச் என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டாள்.

அவள் வருவதற்குள் இயந்திரம் தன் நேரம் முடிந்து தானாகவே நின்றிருந்தது. பிளெசி நேரே உள்ளே போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். கதவைத் திறந்து தட்டை எடுத்தாள். மறுபடி பிளக்கைச் செருகி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் துண்டும் போட்டு உள்ளே வைத்துச் சூடாக்கி, ஆவி படியவிட்டு, மெல்லிய துணியால் உட்புறத்தைத் துடைத்தாள். கருப்பு போயிற்று, நாற்றம் போயிற்று, இயந்திரத்துக்கு ஒரு கேடும் இல்லை. நாங்கள் வாசற்படியில் நின்றபடி இதை ‘மேற்பார்வை’ செய்தோம். அக்காவுக்குத் தகவல் போனது. அவள் பெங்களூரிலிருந்து முதலில் விசாரித்தது தட்டைப் பற்றி.

அன்று மாலையே விசாரணை. அத்தான் எழுந்து நின்று முடிவை வாசித்தார். தட்டின் மீது குற்றமில்லை. அது சபையார் தந்தது. இயக்கியவர்கள் மீதும் குற்றமில்லை. அவர்கள் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்திருந்தார்கள். பயிற்சி பெற்ற நபர் அந்த நேரத்தில் வீட்டில் இல்லாததே விபத்துக்குக் காரணம். பயிற்சி பெற்ற நபர் இந்த வீட்டில் ஒருவர்தான். ஆகவே மற்றவர்கள் பயிற்சி பெறும்வரை அவர் வீட்டில் இருக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார், கொஞ்ச நாள்.

பிளெசி நின்றபடியே முடிவைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நீங்க மாத்த வேண்டியது தட்டைத்தான் மாமா. என்னை இல்ல.”

பிறகு அவள் கலேப்பைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. கலேப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேஃப்டி இஷ்யூ, பிளெசி. கொஞ்ச நாள்தானே” என்றான். அவள் என்னையும் பார்த்தாள். அநியாயம் என்று நன்றாகவே தெரிந்தது. ஆனால் கமிட்டி விதிகளின்படி பார்வையாளருக்குப் பேச உரிமை கிடையாது. விதியை மீறுவது பாதுகாப்புக்கு விரோதம் அல்லவா?

சேர்ந்த வாரத்திலேயே லீவு கேட்கிற பெண்ணுக்காக எந்தக் கம்பெனி காத்திருக்கும்? அமிலங்களையும் உலைகளையும் அவளிடம் நம்பி ஒப்படைத்தவர்கள், அதே வாரத்தில் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பாதுகாப்பு சிகரத்தைத் தொட்டது. மைக்ரோவேவ் பிளக் பிடுங்கப்பட்டு, குரோஷா போர்வைக்குள் ஓய்வெடுக்கிறது. மேலே ஒரு சாமானும் வைப்பதில்லை. பிளெசி அதைத் தினமும் மெல்லிய துணியால் துடைக்கிறாள். எப்படியும் அவள் வீட்டில் இருப்பதால், சூடாக்கிய உணவைவிட அப்போதைக்கப்போது சமைத்த உணவே உடம்புக்கு நல்லது என்று கமிட்டி கண்டறிந்தது. அத்தானுக்குக் குக்கர் சோறு ஆகாது. கேஸ் அடுப்பில் பெரிய பானையில் உலை வைத்து, கஞ்சி வடித்துத்தான் போட வேண்டும். அடுப்படி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார் அத்தான். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று தலைப்பு. தினமும் சாப்பாட்டுக்கு முன் சாக்பீஸால் ஒன்றைக் கூட்டி எழுதுவார். நாங்கள் பெருமையோடு பார்ப்போம்.

போன வாரம் ஒரு மதியம். மணி ஒன்று தாண்டிவிட்டது என்று அத்தான் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். கலேப்பும், அடுத்த மீட்டிங் இருக்கிறது என்று குரல் கொடுத்தான். அடுப்படியில் பானை மூடி விழுந்த சத்தம் கேட்டது. அவசரமாகக் கஞ்சி வடித்ததில் மூடி நழுவி, கொதிக்கிற கஞ்சி பிளெசியின் இடது கையில் மணிக்கட்டுக்கு மேல்வரை கொட்டியிருந்தது. அவள் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் சோறு கொண்டுவந்து வைத்தாள். துணிக்கு வெளியே தெரிந்த தோல் கொப்பளித்திருந்தது.

அத்தான் சாக்பீஸோடு பலகை முன் நின்றுகொண்டிருந்தார். நான் அன்றுதான் முதல் தடவையாகக் கமிட்டியில் வாய் திறந்தேன். அந்த எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் அல்லவா என்று கேட்டேன்.

அத்தான் பிளெசியின் கையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். என்னை, விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இது விபத்து இல்லடே ஃபிரெடி” என்றார். “இது சமையல்.”

அன்றைக்கும் ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த இயந்திரத்தால் இதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. தீங்கு செய்த நாங்கள் மூன்று பேரும், கை கழுவிவிட்டு வந்து, சூடாக இருந்த சோற்றைச் சாப்பிட்டோம்.