குப்புசாமி பெயரில் போன கல்யாணப் பத்திரிகை

'எஃபிஷியன்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அதை என் மண்டையில் ஏற்றியவர் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய மாஸ்டர். "கையால பண்றது வேஸ்ட்டும்மா. செலக்ட் பண்ணு, சார்ட் அழுத்து, ஆய்த்து!" என்பார். (ஆய்த்தாம், முடிந்ததாம்! என் மானம்தான் ஆய்த்து.)

தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வீட்டில் ஒரு பழைய பகை இருந்தது. கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த காலத்தில், யூனியன் தேர்தலில் நின்ற சொந்த அண்ணனுக்கு ஓட்டுப் போடாமல், அப்பா எதிராளி குப்புசாமிக்குப் போட்டுவிட்டார். பெரியப்பா தோற்றார். அன்றோடு பேச்சு நின்றது. நாங்கள் பெங்களூருக்குக் குடிவந்த பிறகும் அது தீரவில்லை. "பெரியப்பா வரலன்னா நான் மேடை ஏறமாட்டேன்" என்று அக்கா அழுத பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். நேரில் போகக் கூச்சம். தபாலில் பத்திரிகை அனுப்பலாம் என்றார்.

அங்கேதான் மேதாவி நான் நுழைந்தேன். உறைகளில் கையால் எழுத உட்கார்ந்த அம்மாவைத் துரத்திவிட்டு, வகுப்புக் கம்ப்யூட்டரில் பெரியப்பா, குப்புசாமி உட்பட எல்லோருடைய பெயரையும் முகவரியையும் எக்செலில் ஏற்றினேன். பெரியவர், சின்னவர் என்று அப்பா சொன்ன வரிசை என் கண்ணை உறுத்தியது. பெயர்ப் பத்தியை மட்டும் செலக்ட் செய்து, சார்ட் அழுத்தி அகர வரிசையாக்கினேன். பெயர்கள் சமர்த்தாக இடம் மாறின. முகவரிகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. அந்தப் பாழாய்ப்போன மென்பொருளாவது "ஏம்மா, நிஜமாவா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாவது ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். திமிர் விடவில்லை. லேபிள் அச்சடித்து, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு, "பாத்தியா, ஒரே மத்தியானம்!" என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை தங்கவயல் ரயிலில் வந்திறங்கிய பெரியப்பா, மண்டப வாசலிலேயே அப்பாவின் முகத்துக்கு நேராக உறையை நீட்டினார். விலாசம் பெரியப்பாவுடையது. பெயர் குப்புசாமியுடையது.

"இன்னாடா, இத்தினி வருசம் கழிச்சும் அவன்தான் உனக்கு அண்ணனா? இத்த உன் மூஞ்சியில விட்டெறியத்தான் வந்தேன்!"

"தப்பு என்னுது பெரியப்பா, சார்ட் பண்ணும்போது..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாது சார்ட்டு? சும்மா இரு!" என்று என்மேல் பாய்ந்துவிட்டு, விடுவிடுவென்று படியிறங்கினார்.

அதே படியில் குப்புசாமி ஏறி வந்தார், அவரும் கொதித்துக்கொண்டுதான். அவர் கையில் இருந்த உறையில் 'மிஸ் புஷ்பலதா' என்று அக்காவின் பள்ளிக்கூட டீச்சர் பெயர் இருந்தது. "ஏம்பா, இந்த மீசையப் பாத்தா மிஸ்ஸு மாதிரியா கீது?"

பெரியப்பா உறையைப் பிடுங்கிப் படித்தார். குப்புசாமியின் மீசையைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா மேடை ஏறினாள். அண்ணனிடம் பேசத் தொடங்கிய அப்பா, அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். (ஒரு மாதம்!)

இப்போது நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். இன்றும் வீட்டுக்குப் போன் செய்தால் பெரியப்பா தன் பெயரைச் சொல்வதில்லை.

"குப்புசாமி பேசறேம்மா. ஓட்டு எனக்குத்தானே?"

நான் பல்லைக் கடிப்பதற்குள், பக்கத்து நாற்காலியிலிருந்து அப்பா கத்துவார்: "உனக்குத்தாண்ணா!"