இடது பின் டயர்

"அந்த சீட்டுல யாரு குந்துறது?" என்று நஸீப் கேட்டதும் தியாகராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

கடுகண்ணாவையில் டயர் கடை வைத்திருக்கும் நஸீப் நல்ல மனுஷன். மூன்று வாரத்தில் இரண்டு தடவை டயர் மாற்றிக் கொடுத்தும் முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்வது பாவம். ஆனால் உண்மையைச் சொல்வது அதைவிடப் பெரிய பாவம் என்று தியாகராஜாவுக்குப் பட்டது.

"யாராவது உட்காருவாங்க" என்று மழுப்பினார்.

"செருப்புக் கடைக்கு வந்து, 'யார்ட காலுக்காவது ஒரு சோடி தாங்க' எண்டா நான் எப்பிடித் தார? இடது பக்கப் பின் டயர் மட்டும்தான் மட்கார்ட்டில ஒரையிது. அந்தப் பக்கம் ஏறுற ஆள்ட பாரத்தைச் செல்லுங்களே."

தியாகராஜா ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தார்.

மாநகர சபையில் முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் பில் எழுதி ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஓய்வு பெற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் கொய்யாக் கன்று நடுவார்கள். இவர் மஹய்யாவையில் தன் வீட்டு முன் ஹாலில், அறுபது வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அப்படியே அச்சில் வார்த்ததுபோலக் கட்ட ஆரம்பித்தார். மேலே பைபர் உடம்பு. கீழே ஒரு பழைய ஜப்பான் காரின் சேஸி. இரண்டே பேர் உட்காரலாம், இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கக் கொஞ்சம் இடம். ஆறு வருஷம் ஆயிற்று. கார் முடிந்தது, டயர் மட்டும் முடியவில்லை. இங்கிலாந்துப் புத்தகம் ஒரு சைஸ் சொன்னது, ஜப்பான் சேஸியில் இருந்த தகடு இன்னொரு சைஸ் சொன்னது. இரண்டு வீட்டு ஜாதகத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குப் பலன் பார்ப்பது எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்த ஆறு வருஷத்தில் அவருடைய மனைவி இரத்தினம்மா ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. ஹாலைக் காருக்கு விட்டுக் கொடுத்தாள். கதிரைகள் குசினிக்குள் போயின, குசினியிலிருந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப் பக்கத் தாழ்வாரத்துக்குப் போயின. பிளெண்டரில் அரைத்தால் சம்பலுக்கு உயிர் இல்லை என்பவள், மழைச் சாரலில் குந்தியிருந்து அரைத்தாள். பசை நாற்றத்தில் தலையிடி வந்தபோதும் தலையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கார் முழுசாகி நின்ற அன்றைக்கு ஒற்றைக் கையால் அதைத் தள்ளிப் பார்த்தாள். கார் நகர்ந்தது. "என்னங்க இது, தகர டின் மாதிரி இருக்கு? பாரமில்லாத லொறி மழைக்கு மலையில நிக்காதுன்னு எங்கப்பா சொல்வாரு" என்றாள். அவளுடைய அப்பா கம்பளையில் லொறி ஓட்டியவர். தியாகராஜா சிரித்துவிட்டு, கலியாண நாளன்று உன்னை இதில் கடுகண்ணாவைக் கணவாய் வரைக்கும் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்த மனுஷி அவள்.

அந்த வாக்குத்தான் இப்போது சுருக்குக் கயிறாகிவிட்டது. தனியாக ஓட்டினால் கார் பூனை மாதிரிப் போயிற்று. பக்கத்து வீட்டில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஹபீலை ஏற்றிப் பார்த்தார், சத்தமில்லை. ஹபீல் ஈர்க்குச்சி மாதிரி ஆள். இரத்தினம்மா ஏறினால் மட்டும் அடுத்த வளைவிலேயே இடது பின் டயர் 'கர்ர்' என்றது. தண்ணீர் பில் எழுதியவருக்கு இந்தக் கணக்கு விளங்காதா? விளங்கியது. அதை அவளிடம் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஆகவே, முதல் மாற்றமாக உயரம் குறைந்த டயர். உரசல் நின்றது, ஆனால் கார் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. வீட்டிலிருந்து நூறு கஜம் தள்ளியிருந்த வேகத்தடையில் சைலன்சர் கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கார் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் பின்னாலேயே வந்தன. இரத்தினம்மா இறங்கி நடந்து போய், சைலன்சரைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்து, டயரை விட்டுவிட்டுப் பாரத்தைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை. "உடம்புக்கு நல்லது, தினமும் காலையில லேக்கைச் சுத்தி நடப்போம்" என்றார். அவள் வெட்கத்தோடு ஒத்துக்கொண்டு புதுக் கன்வஸ் சப்பாத்து வாங்கினாள். முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் தன்னோடு சேர்ந்து நடக்க ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவையாம், மகள் நிரோஷினிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் ஒவ்வொரு நாளும் சுற்றி முடித்ததும் இரண்டு உளுந்து வடையும் ஒரு பிளேன்டீயும் அவளே வாங்கினாள். அவருக்கும் கொடுத்தாள். இரண்டு கிழமையில் தியாகராஜாவின் காற்சட்டை இடுப்பில் பூட்ட மறுத்தது.

இரண்டாவது மாற்றம், பழைய உயரத்திலேயே அகலம் குறைந்த டயர். சத்தம் பாதியாயிற்று, போகவில்லை. அதனால்தான் இப்போது மூன்றாவது தடவையாக நஸீபின் கடையில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை கலியாண நாள், இடையில் இரண்டே நாள்தான் இருந்தது.

"டயர் சரி. ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடப் போட்டுப் பாப்பம்" என்றார் நஸீப்.

போட்டார்கள். காரின் பின்பக்கம் வாத்து மாதிரித் தூக்கிக்கொண்டது, முன் விளக்கு இரண்டும் தரையில் காசு தேடின. ஆனால் பருத்த உடம்புக்காரரான நஸீபையே இடது பக்கம் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் ஒரு சின்ன உரசல்கூட இல்லை. தியாகராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நஸீபின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை நான் மறக்கவே மாட்டேன் என்றார். டயர்க்காரரிடம் இப்படி யாரும் கண் கலங்கி நஸீப் பார்த்ததில்லை. சங்கடத்தில் டயருக்குக் காற்றை இன்னொரு தரம் அடித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. இரத்தினம்மா கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வழக்கம்போலப் புறப்படுகிற நேரத்தில், "மலையில குளிரும், சுவெட்டரை எடுத்துக்கிட்டு வாங்க" என்று அவரை உள்ளே அனுப்பினாள். எப்போதும் ஏதாவதொன்று அவருக்கு உள்ளே மறந்திருக்கும், போன தடவை மூக்குக் கண்ணாடி, அதற்கு முந்தி திருநீறு. சுவெட்டர் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தபோது, ஹபீல் கைகளைத் தட்டித் துடைத்தபடி தன் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். வழியனுப்ப வந்திருக்கிறான், எவ்வளவு பாசமான அயல் என்று தியாகராஜா நெகிழ்ந்து போனார்.

பேராதனை வரைக்கும் சுகமாகப் போனது. பஸ்ஸில் போனவர்கள் கை காட்டினார்கள். இரத்தினம்மா மகாராணி மாதிரி எல்லோருக்கும் தலையாட்டினாள். மழை தூறத் தொடங்கியது. பிலிமத்தலாவையில் ஒரு வளைவு.

'கர்ர்ர்.'

கடுகண்ணாவைக்குப் போய்ச் சேர்வதற்குள் கருகல் மணமே வந்துவிட்டது. நஸீபின் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. இருவரும் இறங்கினார்கள்.

"இரத்தினம், காருக்கு... பாரம் தாங்கல" என்றார். "பிழை உன்மேல இல்ல. இந்தக் காருதான் உதவாக்கரை."

இரத்தினம்மாவின் முகம் வாடிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியாமப் போச்சுங்க. இத்தனை நாளும் என்னாலதானா? மன்னிச்சிடுங்க" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் மனது நோக ஒரு சொல் சொல்லாதவர், கலியாண நாளிலேயே சொல்லிவிட்டார். தியாகராஜாவால் தாங்க முடியவில்லை.

"நீயா மன்னிப்புக் கேக்கிற? ஆறு வருஷம் வீட்டுக்குள்ள ஒரு காரை வச்சுக்கிட்டு நீ பட்ட பாட்டுக்கு நானில்ல உன் கால்ல விழணும். நீ ஏற முடியாத கார் எனக்கு எதுக்கு? இங்கேயே கிடக்கட்டும். வா, பஸ்ஸில போவோம். முன்ன மாதிரியே நின்னுக்கிட்டுப் போவோம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், காரைத் திரும்பிப் பார்த்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. கூட்டத்தோடு ஒரு பஸ் வந்து நின்றது. தியாகராஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இதற்குள் நஸீப், உரசின இடத்தை உள்ளுக்கிருந்து பார்ப்பதற்காக, சீட்டுக்குப் பின்னால் விரித்திருந்த பழைய படுக்கை விரிப்பைத் தூக்கியிருந்தார். பஸ்ஸடிக்குக் கேட்கும்படியாகக் குரல் கொடுத்தார்:

"அக்கா, பஸ்ஸில போறதெண்டா இந்த அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கூடவே கொண்டு போறீங்களா?"