நாரைகளின் முன்வரிசையும் டெல்பர்ட்டின் நாற்காலியும்

நாரைகளின் முன்வரிசையைத் தானே சரிசெய்துவிடுவது என்று என் கணவர் டெல்பர்ட் குசெரா முடிவெடுத்தது ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில், சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய கண் மூடியிருந்தது. ஆனால் குறட்டை வரவில்லை.

நாரைகள் என்பது எங்கள் ஊர்க் கல்லூரியின் ஃபுட்பால் அணி; பந்தைக் கையில் பிடித்து முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். நெப்ராஸ்காவில் எங்கள் ஆற்றங்கரையில் வசந்தத்துக்கு வசந்தம் நாரை இறங்கும். அதனால் இந்தப் பெயர். முன்வரிசையில் நிற்கும் ஐந்து நாரைகளும் ஆளுக்கு நூற்றைம்பது கிலோ. பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பையன் பந்தை எறிந்து முடிக்கும்வரை எதிரணி அவன்மேல் விழாமல் மறிப்பதுதான் இவர்கள் உத்தியோகம். ஒழுங்காகச் செய்தால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் தவறினால் ஊரே பேசும். முப்பது வருடமாகச் சமையலறையில் நான் பார்க்கும் வேலையும் இதேதான். எனக்குப் பேண்டு வாத்தியம் மட்டும் கிடையாது.

இந்த வருடம் முதல் ஆட்டத்திலேயே வரிசை கிழிந்த வேலியாகிவிட்டது. தோற்பதற்கென்றே கூப்பிட்ட ஒரு பொடிக் கல்லூரியிடம் மூச்சு வாங்கி ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. குவார்ட்டர்பேக் பையன் நின்ற நேரத்தைவிடப் படுத்த நேரம் அதிகம். ஊரில் மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை, சாவு வீடு எங்கே போனாலும் ஒரே பேச்சு: "இடதுபக்கம் ஓட்டை."

பூசை முடிந்து காரில் வரும்போது டெல்பர்ட் தொண்டையைச் செருமினார்.

"பெர்னி, வியாழக்கிழமை சாயங்காலம் சில பையன்க சாப்பிட வர்றாங்க."

"எந்தப் பையன்க?"

"ரசிகர் மன்றத்துல ஆட்டக்காரங்களுக்குச் சாப்பாடு போட நம்ம முறை."

"நம்ம முறை நவம்பர்ல. பந்தை உதைக்கிற பையன்க. ரெண்டே பேர். பறவை மாதிரி கொறிச்சிட்டுப் போவாங்க."

"முறையை மாத்திக்கிட்டேன்."

"யார்கூட?"

"அடுத்த வீட்டு டுவேன்கூட."

"டுவேன் வீட்டு முறை எந்தப் பையன்க?"

டெல்பர்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். கார் ஓட்டுகிறவர் ஜன்னல் பக்கம் பார்த்தால் வெளியே மாடு இருக்க வேண்டும், அல்லது உள்ளே பொய் இருக்க வேண்டும். வெளியே மாடு இல்லை.

"முன்வரிசை," என்றார்.

"அஞ்சு பேரும்?"

"அஞ்சு பேரும் சேர்ந்து வந்தாத்தானே வரிசை?"

அவர் திட்டம் இது. பையன்களுக்கு வயிறு நிறையச் சோறு போடுவது. பிறகு அவர்கள் எழுந்து ஓட முடியாத நிலையில் பாடம் நடத்துவது. விதைச் சோளம் விற்கிறவர் டெல்பர்ட். நாற்பது வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூட அணியில் ஆடினார். பெரும்பாலும் பெஞ்சில் ஆடினார். உலகத்தில் உட்கார்ந்தே கற்ற வித்தை ஏதாவது உண்டென்றால் அது இவருடைய ஃபுட்பால்.

வேறொரு வாரமாக இருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் எனக்கும் அந்த வாரம் ஒரு கவலை இருந்தது. என் அக்கா ரோஸ்மேரி வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போகிறாள். அம்மாவின் பியானோ அந்த வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் குப்பை வண்டிக்காரன் எடுத்துக்கொள்வான். மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் விரல்மேல் ஸ்கேல் வைத்துச் சொல்லிக்கொடுத்த பாட்டையெல்லாம் நான் வீட்டுக்கு வந்து வாசித்துப் பழகியது அதில்தான். எனக்கு வயது ஐம்பத்தாறு. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். இன்னொரு குளிர்காலத்தை அந்தக் கட்டைகளைத் தொடாமல் கழிப்பதில்லை என்று இருந்தேன்.

பியானோ நிற்க வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் உண்டு. முன்னறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில். அங்கே டெல்பர்ட்டின் சாய்வு நாற்காலி இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. இழுத்தால் காலுக்கு ஒரு பலகை எழும்பும். திரும்ப இறங்குவது அந்தப் பலகையின் இஷ்டம். நிறம் என்னவென்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"நாரைகள் கோப்பை ஜெயிக்கிற வரைக்கும் இந்த நாற்காலி நகராது," என்று அவர் சபதம் செய்து பல வருடம் ஆகிறது. நாரைகளும் அதற்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"பியானோ என்ன ஆச்சு?"

"இடமில்ல பெர்னி."

"நாற்காலியை கார் ஷெட்டுல போடலாம்."

"அதைத் தூக்க ஆள் வேணும். பியானோவைத் தூக்க இன்னும் ஆள் வேணும். அவ்வளவு பலசாலிங்களுக்கு நான் எங்க போவேன்?"

சொல்லிவிட்டு, வியாழக்கிழமை வரப்போகும் எழுநூற்றைம்பது கிலோ மனிதர்களுக்காக உப்பு ஜாடி, மிளகு ஜாடியையெல்லாம் மேசைமேல் வரிசையாக அடுக்கிப் பாடம் தயாரிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தையே பார்த்தேன். மனுஷனுக்குப் பொறி தட்டவில்லை. எனக்குத் தட்டிவிட்டது.

"மன்றத்து விதி என்ன சொல்லுது?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "பையன்களுக்கு நாம என்ன குடுக்கலாம்?"

"சாப்பாடு மட்டும். சட்டை, காசு, பரிசு, எதுவும் கூடாது."

"அவங்க நமக்கு ஏதாவது ஒத்தாசை பண்ணினா?"

"அதுக்கு விதியே இல்ல," என்றார், மிளகு ஜாடியை இடதுபக்கம் நகர்த்தியபடி. "இந்த ஓட்டையைப் பாரேன்."

பார்த்தேன். பக்கத்து வீட்டு டுவேனுக்குப் போன் செய்தேன். டுவேனிடம் டிரெய்லர் உண்டு, பளுதூக்கும் டிராக்டர் உண்டு, பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்மேல் தீராத பலவீனமும் உண்டு.

வியாழக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். வாசல்படி ஒவ்வொருவருக்கும் ஒருமுறை அழுதது. இறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த ரொட்டி ஒரு மலை செய்திருந்தேன், மலை சமவெளியானது. நல்ல பையன்கள். தட்டைக் கழுவட்டுமா என்று கேட்கிற பையன்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒருவரோடொருவர் பேசவில்லை. இடதுபக்க ஓரத்தில் ஆடும் சியோனே இந்தக் கோடையில்தான் வேறு கல்லூரியிலிருந்து வந்தவன். நடுவில் நின்று, எல்லாரும் எப்போது அசைய வேண்டும் என்று குரல் கொடுக்க வேண்டிய கோல்பி முதல் வருடப் பிள்ளை. ஆட்டுப் பண்ணையிலிருந்து வந்தவன். உப்பு வேண்டும் என்று கேட்பதற்கே அவனுக்குக் குரல் எழும்பவில்லை. உப்பு டெல்பர்ட்டின் பாடத்தில் மாட்டியிருந்தது.

"உப்பு நீதான்," என்று டெல்பர்ட் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மிளகு சியோனே. கடுகு ஜாடி எதிரணி, உள்ள புகுந்து வருது. நீங்க என்ன பண்றீங்க? ஆளுக்கொரு பக்கம் போறீங்க. ஓரடி வெக்கணும். ஒரே நேரத்துல வெக்கணும். இடுப்பு கீழ இருக்கணும்."

"சரிங்க சார்," என்றார்கள் ஐவரும். கண் கொலாச்சித் தட்டின்மேல் இருந்தது.

"ஜாடியை வெச்சு சொன்னா எப்படிப் புரியும், டெல்பர்ட்?" என்றேன். "சிஸ்டர்கள் எதையும் செஞ்சு காட்டித்தான் சொல்லிக்குடுப்பாங்க. கனமா எதையாவது அஞ்சு பேரும் சேர்ந்து தூக்கட்டும்."

"எதைத் தூக்கறது?"

"உன் நாற்காலி இருக்கே."

முகம் சுருங்கியது. நான் அவசரப்படவில்லை.

"நீ அதுலயே உட்காரு. நீதான் குவார்ட்டர்பேக். உன் மேல ஒரு தூசி படாம கொண்டுபோறாங்களான்னு பாப்போம்."

குவார்ட்டர்பேக். நாற்பது வருடம் பெஞ்சில் இருந்தவரை அந்த ஒரு வார்த்தை எழுப்பி நிறுத்தி, நடத்திக்கொண்டுபோய், நாற்காலியில் உட்காரவைத்தது. கைப்பிடியை அவரே இழுத்துக் காலை நீட்டிக்கொண்டார்.

"கோல்பி, நீ சொல்லணும்," என்றார் டெல்பர்ட்.

கோல்பி என்னவோ முணுமுணுத்தான். இரண்டு பேர் தூக்கினார்கள், மூன்று பேர் தூக்கவில்லை. டெல்பர்ட் சரிந்தார்.

"கோல்பி," என்றேன். "பண்ணையில ஆடு வழிதவறினா இந்தக் குரல்லதான் கூப்பிடுவியா?"

"இல்லைங்க மேடம்."

"அப்போ ஆட்டைக் கூப்பிடு."

கூப்பிட்டான். அலமாரியில் கண்ணாடிக் கோப்பை அதிர்ந்தது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். நாற்காலி பூப்போல மிதந்தது. பல்லக்கில் போப்பாண்டவர் போல என் கணவர் முன்கதவைத் தாண்டினார்.

"இடுப்பு கீழ. சின்ன அடி. சின்ன அடி. பிரமாதம். பெர்னி, பாத்தியா?"

"பாக்கறேன்," என்று கார் ஷெட் கதவைத் திறந்துவிட்டேன்.

உள்ளே அலுங்காமல் இறக்கினார்கள். காலுக்கான பலகை வழக்கம்போல மடங்க மறுத்தது. அவர் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டுவேன் டிரெய்லரைப் பின்பக்கமாக வாசலில் நிறுத்தினான். அதில் அம்மாவின் பியானோ போர்வை போர்த்தி நின்றது.

பலகையிலிருந்து விடுபட்டு டெல்பர்ட் ஓடி வந்தபோது பியானோ வாசல்படியில் இருந்தது. அவர் வாயைத் திறந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அப்போது கோல்பி குரல் கொடுத்தான். ஐந்து இடது கால்கள் ஒன்றாக நகர்ந்தன. சியோனே பக்கத்துப் பையனிடம், "நீ கீழ பிடி, கதவு திருப்பத்தை நான் பாத்துக்கறேன்," என்றான். அந்த இரண்டு பேரும் வந்ததிலிருந்து ஒருவரோடொருவர் பேசிய முதல் வார்த்தை அது. டெல்பர்ட்டின் கண் கலங்கியது. கத்த வந்த வாய் வேறு எதையோ சொன்னது.

"அப்படித்தான். தோளைத் தோளோட ஒட்டு. இடைவெளி விடாதே. இன்னும் கொஞ்சம் இடதுபக்கம். சுவரை ஒட்டி வை."

சுவரை ஒட்டி வைத்தார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில். நான் உட்கார்ந்து இரண்டு வரி வாசித்தேன். ஒரு கட்டை மட்டும் சுருதி இறங்கியிருந்தது. பையன்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் டெல்பர்ட் அந்தச் சுவரைப் பார்த்தார்.

பையன்கள் போன பிறகு நடந்த பேச்சு சுருக்கமானது.

"ஏமாத்திட்ட."

"கோச்சிங் உன்னுதுதானே?"

"ஞாயித்துக்கிழமை டுவேனும் அவன் தம்பிங்களும் வருவாங்க. பியானோ ஷெட்டுக்குப் போகும். நாற்காலி இங்க வரும். இன்னிக்கே சொல்லி வெக்கிறேன்."

சொல்லியும் வைத்தார். டுவேனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்குக் கொள்கை கிடையாது, டிரெய்லர்தான் உண்டு. எனக்காகக் கொலாச்சிக்குத் தூக்கியவன் அவருக்காக பீருக்குத் தூக்குவான். குளிர் வந்தபின் பத்து நாள் ஷெட்டில் நின்றால் அந்தப் பியானோ வெறும் பலகை.

சனிக்கிழமை ஆட்டம் வெளியூரில். டி.வி.யில்தான் பார்க்க வேண்டும். டெல்பர்ட் உட்காரவில்லை. சோபாவைக் காட்டினேன். "என் நாற்காலி வர்ற வரைக்கும் நான் எதுலயும் உட்கார மாட்டேன்," என்று முன்னறை நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிர்ப்புப் போராட்டமாம்.

நான் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெபமாலையை எடுத்து, கைவிடப்பட்ட காரியங்களைக் கவனித்துக்கொள்ளும் புனித யூதா ததேயுவிடம் எங்கள் அணியின் இடதுபக்கத்தை ஒப்படைத்தேன். ஜெயித்தால் எனக்கொரு வழி இருந்தது. தோற்றால் எதுவும் இல்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். பந்தைப் பார்க்கவேயில்லை. சியோனேவின் முழங்காலையும் கோல்பியின் வாயையும் பார்த்தேன். எதிரணியில் ஒருவன் எருமைக் கன்று மாதிரி பாய்ந்து வருவான். ஐந்து பேரும் ஓரடி வைப்பார்கள், ஒன்றாக. எருமைக் கன்று பியானோவில் மோதியது மாதிரி நிற்கும். குவார்ட்டர்பேக் பையனின் வெள்ளைச் சட்டை கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. வெள்ளாவி வைத்தால்கூட அப்படி வராது.

ஜெயித்தோம். டெல்பர்ட் அழுதார். அந்த ஆனந்தத்திலும் மறக்காமல், "நாளைக்கு என் நாற்காலியில உட்கார்ந்து மறுபடி பாக்கப்போறேன்," என்றார்.

மறுநாள் பூசை முடிந்து, கோயில் கூடத்தில் காபி குடிக்கிற நேரத்தில், டுவேனின் மனைவி கேரலிடம் நான் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். வியாழக்கிழமை அந்த நாற்காலி வீட்டைவிட்டுப் போனது. சனிக்கிழமை வரிசை சரியானது. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மேற்கொண்டு யோசிப்பது கேரலின் பொறுப்பு.

மத்தியானம் டுவேனும் தம்பிகள் இரண்டு பேரும் வந்தார்கள். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"உள்ள வாங்கப்பா," என்றார் டெல்பர்ட். "முதல்ல பியானோவைப் பிடிங்க."

"நான் தொட மாட்டேன்," என்றான் டுவேன்.

"என்னடா?"

"ஜெயிச்ச வாரத்துல இருந்த சாமான், டிசம்பர்ல சீசன் முடியற வரைக்கும் இருந்த இடத்துலயே இருக்கணும். இது உனக்குத் தெரியாதா? மூணு வருஷம் ஒரே காலுறையைத் துவைக்காமப் போட்டவன் நீ. அந்த நாற்காலி உள்ள வந்து, அடுத்த வாரம் வரிசை கிழிஞ்சுதுன்னா, முடிவெட்டற கடையில நீ எப்படித் தலை காட்டுவ?"

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். நான் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏனென்றால் டுவேன் சொன்னதை அவரும் நம்பினார்.

"சரி," என்றார் கடைசியில், பெருந்தன்மையாக. "அணிக்காக நாற்காலியைத் தியாகம் பண்றேன். சோபாவுல உட்கார்ந்துக்கறேன்."

டுவேன் யோசித்தான்.

"நேத்து எங்க உட்கார்ந்து பாத்த?"

"உட்காரவே இல்லடா," என்றார் டெல்பர்ட், நெஞ்சை நிமிர்த்தி. "ஆட்டம் முழுக்க நின்னேன்."

தம்பிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டுவேன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, என் கணவரின் தோளில் கை வைத்தான்.

"அப்போ டிசம்பர் வரைக்கும் நில்லு."