முதலில் குருவி, பிறகு நீங்கள்

"ரெண்டு வாரம்னு சொல்லித்தான் அண்ணி வந்தீங்க. இது ஏழாவது மாசம். என் பீரோவைத் திறக்கணும்னா உங்க கட்டிலை நகர்த்தணும். கட்டிலை நகர்த்தணும்னா எங்கண்ணனை எழுப்பணும். இது வீடா, குடோனா?"

என் நாத்தனார் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவளுடைய அண்ணனை, அதாவது என் வீட்டுக்காரரை, எழுப்புவது நிஜமாகவே பெரிய வேலை.

எங்களுக்கும் சொந்த வீடு தயாராகத்தான் இருந்தது. இருபத்துநான்கு வீடுகள் கொண்ட புத்தம்புது அடுக்குமாடி. சாவி வந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, லிஃப்டுக்குக் கண்ணாடிகூட வந்துவிட்டது. வரவேண்டியது குருவி மட்டும்.

புதிதாகக் கட்டும் கட்டடங்களில் பறவைகள் கூடு கட்டவும் இடம் விட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. நல்ல விதி. விதிக்கு ஓர் அலுவலகமும், அலுவலகத்துக்கு ஒரு படிவமும் வந்தபோதுதான் வினை. படிவத்தின் ஒன்பதாம் கட்டம் இப்படிக் கேட்டது: 'குடியமர்ந்துள்ள பறவை இணைகள் எத்தனை? குறைந்தது ஒன்று.' அது நிரம்பினால்தான் மனிதர்களுக்குக் குடியிருப்புச் சான்றிதழ்.

கட்டட முதலாளி சும்மா இருக்கவில்லை. இப்போதெல்லாம் குருவிதானே நாகரிகம். சுவரில் நாற்பது பெட்டிகள் பதித்தார். உள்ளே வழவழவென்று பீங்கான் ஓடு, வாசலில் நீல விளக்கு, ஒவ்வொன்றுக்கும் பித்தளையில் கதவு எண். 'சிறகுகளோடு வாழுங்கள்' என்று விளம்பரத் தாள் வேறு. அதில் மயங்கித்தான் நாங்களும் வாங்கினோம். குருவிகள் வந்து பார்த்தன. ஒன்று ஓட்டில் வழுக்கி விழுந்தது. மற்றவை அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

வீடு வாங்கிய எல்லாரும் திரண்டு அந்த அலுவலகத்து ஆய்வாளரைப் பார்க்கப் போனோம். மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்.

"பெட்டி வெச்சாச்சே சார்," என்றேன்.

"பெட்டி இருக்கும்மா. பறவை இல்லையே."

"அதுங்க வராட்டி நாங்க என்ன பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ணக் கூடாது. பிடிச்சுக் கொண்டாந்து விட்டீங்கன்னா அது வேற பிரிவுல கேஸ்."

"ஏழு மாசமா மனுஷங்க பெட்டி படுக்கையோட அலையறோம் சார்."

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "மனுஷங்களுக்குன்னு இதுல கட்டம் இல்லையேம்மா."

கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் என்பதால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து திட்டினேன்.

மறு வாரம் வாட்ச்மேன் போன் செய்தார். "அம்மா, உங்க வீட்ல குடிவந்துட்டாங்க."

"யாருப்பா?"

"ரெண்டு பேரு. சமையல்கட்டுல எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை விட்டிருக்குல்ல, அதுல."

கட்டடமே கொண்டாடியது. ஆய்வாளர் வந்தார். நாலடி தூரத்திலிருந்த கூட்டைத் தொலைநோக்கி வைத்துப் பார்த்தார். 'ஓர் இணை, மூன்று முட்டை' என்று அழகாக எழுதினார். சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்று வீடுகளுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. இருபத்துநான்காவதான எங்கள் வீடு 'பாதுகாக்கப்பட்ட பறவைக்கூட்டு அமைவிடம்' என்ற கௌரவத்தைப் பெற்றது.

"கூட்டுலேருந்து பதினஞ்சு அடிக்குள்ள சமையல், பேச்சு, நடமாட்டம் எதுவும் கூடாதும்மா."

"எங்க சமையல்கட்டுலேருந்து பதினஞ்சு அடி நடந்தா பக்கத்து வீட்டு பாத்ரூம் சார்."

"அவங்க சம்மதிச்சா எனக்கு ஆட்சேபணை இல்லை."

"சரி, குஞ்சு பறந்து போனப்புறம்?"

"கட்டம் காலியாயிடும். வேற ஜோடி வரலைன்னா எல்லாரும் வீட்டைக் காலி பண்ணணும்."

அன்றிலிருந்து என் வீட்டின் மேல் எல்லாருக்கும் அப்படி ஓர் அக்கறை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என் கதவில் 'சத்தம் போடாதீர்' என்று பலகை மாட்டினார். இரண்டாம் மாடி பல் டாக்டர் தினமும் ஒரு கிண்ணம் தானியத்தோடு மாடியேறினார். நான் ஒரு நாள் என் வீட்டைப் பார்க்கப் போனேன். என் வாசலிலேயே டாக்டரின் மனைவி வழிமறித்து, "யாரைப் பார்க்கணும்?" என்று கிசுகிசுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். நான் எழுந்தேன். எல்லார் வீட்டுச் சமையல்கட்டிலும் அதே ஓட்டை இருக்கிறது. சாவி வாங்கிய அன்றே இருபத்துமூன்று பேரும் அதில் கம்பி வலை அடித்துவிட்டார்கள். எச்சம் விழுந்து மேடை பாழாகுமாம். என் வீட்டில் மட்டும் வலை இல்லாததற்குக் காரணம் என் கருணை அல்ல. நான் சொல்லி வைத்திருந்த வலைக்காரர் வரவில்லை, அவ்வளவுதான். இதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அதனால கேக்கறேன். யாராவது ஒருத்தர் உங்க வீட்டு வலையைக் கழட்டுங்களேன். அடுத்த ஜோடி அங்க வந்தா நாங்க எங்க வீட்டுக்குள்ள போயிடுவோம். ஒரே ஒரு வீடு போதும்."

இருபத்துமூன்று குடும்பங்களும் தலையைத் தூக்கி, மேலே ஏதோ அபூர்வப் பறவை பறப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒரே ஒரு வீடு," என்றேன் மறுபடியும்.